அமெரிக்க நாட்டார் நீர்வண்ணக் குடும்பப் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த ஓவியங்களைப் பற்றிய பக்கம் இது?

சுமார் 1800 முதல் 1850 வரை, அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்து மாநிலங்களிலும் நியூயார்க், பென்சில்வேனியா ஊர்ப்புறங்களிலும் தாளின்மேல் நீர்வண்ணத்தில் தீட்டப்பட்ட உருவப்படங்கள் இவை. ஒரு கணவன், ஒரு மனைவி, நடுவே ஒரு மேசை, மேசைமேல் ஒரு பைபிள், காலடியில் ஒரு பூனை, படத்தின் அடியில் அலங்காரக் கையெழுத்தில் அவர்களுடைய பெயரும் வயதும் தேதியும். ஓவியர்களில் பெரும்பாலோர் கலைப்பள்ளியின் வாசலை மிதிக்காதவர்கள். வண்ணப்பெட்டியோடு ஊர் ஊராகப் போய், வீட்டுக் கதவைத் தட்டி வேலை கேட்டவர்கள். ஆங்கிலத்தில் இவற்றை ‘ஃபோக் ஆர்ட்’ என்பார்கள். தமிழில் நாட்டார் ஓவியம் என்று சொல்லலாம். ஆனால் மரபு மரபாகக் கைமாறி வந்த சடங்குக் கலை இதுவன்று. பணம் கொடுத்து ஒருவர் வரையச் சொல்ல, பணம் வாங்கி மற்றவர் வரைந்த தொழில். இதை மறந்துவிட்டால் படங்களைத் தவறாகப் படிக்க நேரும்.

யார் வரையச் சொன்னார்கள்?

சொந்த நிலம் வைத்திருந்த விவசாயி, கடைக்காரர், மரம் அறுக்கும் ஆலைக்காரர், பள்ளி ஆசிரியர், சிற்றூர்ப் பாதிரியார், பஞ்சாலையில் கூலிக்கு வேலை செய்த இளம்பெண். இவர்களுடைய பெற்றோர் காலத்தில் உருவப்படம் என்பது கப்பல் வணிகர்களுக்கும் நீதிபதிகளுக்கும் உரியது. கில்பர்ட் ஸ்டூவர்ட் போன்ற நகர ஓவியர் ஒரு மார்பளவுப் படத்துக்கு நூறு டாலர் அளவில் வாங்கினார். நல்ல சாலைகள் வந்தன. 1825-இல் நியூயார்க் மாநிலத்தின் ஈரி கால்வாய் முழுமையாகத் திறந்தது. ஊர்ப்புறங்களில் ரொக்கப் பணம் புழங்கியது. வீட்டில் வர்ணமடித்த நாற்காலியும் கடிகாரமும் வாங்கிய குடும்பத்துக்கு, ‘எங்கள் முகமும் சுவரில் இருக்கட்டும்’ என்று தோன்றியது. இந்த ஆசைதான் ஒரு தலைமுறை ஓவியர்களுக்குச் சோறு போட்டது.

எண்ணெய் வண்ணத்தை விட்டு ஏன் நீர்வண்ணம்?

முதல் காரணம் விலை, இரண்டாவது வேகம், மூன்றாவது சுமை. எண்ணெய் ஓவியத்துக்குக் கித்தான், மரச்சட்டம், நாள்கணக்கில் உலரும் நேரம் எல்லாம் வேண்டும். நீர்வண்ணத்துக்குத் தாள், பென்சில், சில தூரிகைகள், வில்லையாக வந்த வண்ணக் கட்டிகள், ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். நடந்து போகிறவரின் தோள்பையில் அத்தனையும் அடங்கிவிடும். காலையில் உட்கார்ந்த குடும்பம் மாலையில் படத்தைக் கையில் வாங்கலாம்.

விலை எப்படி இருந்தது என்பதற்கு ஊர் ஊராகப் போய் வரைந்த ரூஃபஸ் போர்ட்டரின் துண்டு விளம்பரம் நல்ல சான்று. 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் அச்சிட்டது. நிழலுருவை, அதாவது பக்கவாட்டு முகத்தின் நிழல் வடிவை, தாளில் வெட்டிக் கொடுக்க 20 சென்ட். முழு வண்ணத்தில் பக்கத்தோற்றம் 2 டாலர். நேர்முகம் 3 டாலர். தந்தத்தின்மேல் சிற்றோவியம் 8 டாலர். ஒரு பண்ணைக் கூலியாளின் நாள் வருமானம் ஒரு டாலரைத் தொடுவதே அரிதாக இருந்த காலம் அது. அப்படியென்றால் பக்கத்தோற்றப் படம் என்பது சில நாள் கூலி. அள்ளி இறைக்கும் பணமும் அன்று, எட்டாத பணமும் அன்று. இதே போர்ட்டர்தான் 1845-இல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழைத் தொடங்கினார். முகத்தின் கோட்டை விரைவாகப் பிடிக்க இருட்டுப்பெட்டி என்னும் கேமரா அப்ஸ்குராவைக் கைவண்டியில் வைத்துக்கொண்டு அவர் ஊர் சுற்றியிருக்கிறார்.

ஏன் இத்தனை பேர் பக்கவாட்டில் பார்க்கிறார்கள்?

மேலே சொன்ன விலைப்பட்டியலிலேயே பாதி விடை இருக்கிறது: பக்கத்தோற்றம் நேர்முகத்தைவிட ஒரு டாலர் மலிவு. நெற்றி, மூக்கு, உதடு, மோவாய் ஆகியவற்றின் ஓரக்கோடு சரியாக விழுந்துவிட்டால் ‘அப்படியே இருக்கிறது’ என்று வீட்டார் ஒப்புக்கொள்வார்கள். விளக்கின் முன் ஒருவரை உட்காரவைத்து, தாளில் விழும் நிழலின் விளிம்பை வரைந்துகொண்டால் அந்தக் கோடு கைக்கு வந்துவிடும்.

நிழலுரு மோகம் அந்தத் தலைமுறையை எப்படி ஆட்டிவைத்தது என்பதற்கு ஒரு பெயரைச் சொல்ல வேண்டும்: மோசஸ் வில்லியம்ஸ். பிலடெல்ஃபியாவில் அருங்காட்சியகம் நடத்திய ஓவியர் சார்லஸ் வில்சன் பீலின் குடும்பத்தில் அடிமையாக வளர்ந்து, பின் விடுதலை பெற்றவர். பீலின் அருங்காட்சியகத்தில், முகக்கோட்டைத் தடம்பிடிக்கும் கருவியைக் கொண்டு 1803-இல் மட்டும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிழலுருக்கள் வெட்டப்பட்டன. வெட்டிய கை அவருடையது. அந்தத் தாள்களில் பெரும்பாலானவற்றில் அருங்காட்சியகத்தின் முத்திரை இருக்கிறது, அவர் பெயர் இல்லை.

உருவங்கள் தட்டையாக இருக்கின்றனவே. வரையத் தெரியாததாலா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். என்னை அதிகம் உறுத்தும் கேள்வியும் இதுதான்.

சிலருக்குத் தெரியாது என்பது உண்மை. கைகள் மீன் துடுப்புபோல் இருக்கும் படங்கள் உண்டு. நாற்காலி ஒரு கோணத்தில், உட்கார்ந்திருப்பவர் இன்னொரு கோணத்தில் இருக்கும் படங்களும் உண்டு. ஆனால் தட்டையான படம் என்பது கடையில் கிடைத்த ஒரு சரக்கு, அதற்கென்று ஒரு விலை இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வில்லியம் மேத்யூ பிரயர் என்ற ஓவியர் 1831-இல் மெயின் மாநிலப் பத்திரிகை ஒன்றில் விளம்பரம் கொடுத்தார்: ஒளியும் நிழலும் இல்லாத தட்டையான படம் போதும் என்பவர்களுக்குக் கால் விலைக்கு வரைந்து தரப்படும். பிற்காலத்தில் கிழக்கு பாஸ்டனில் அவர் ஒட்டிய சீட்டில், சுமார் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும், சட்டமும் கண்ணாடியும் சேர்த்து 2 டாலர் 92 சென்ட் என்று இருக்கிறது. பிரயருக்குக் கன்னத்தின் உருட்சியையும் மூக்கின் நிழலையும் தீட்டத் தெரியும். அப்படித் தீட்டிய படங்களும் இருக்கின்றன. வாடிக்கையாளர் கொடுத்த காசுக்கு ஏற்ப அவர் கையை மாற்றிக்கொண்டார். அவர் வேலை செய்தது எண்ணெய் வண்ணத்தில் என்றாலும், அதே ஊர்களில் அதே மாதிரிக் குடும்பங்களுக்கு நீர்வண்ணத்தில் வரைந்தவர்களுக்கும் அந்தச் சந்தைதான்.

நிழலை விட்டுவிட்டால் வேறொன்று கிடைக்கிறது. கோடு கூர்மையாகிறது. உடையின் லேஸ் பின்னல், கழுத்துப் பட்டையின் மடிப்பு, தரைவிரிப்பின் கட்டங்கள் எல்லாம் மறைவில்லாமல் தெரிகின்றன. பார்த்துப் பார்த்துத் தைத்த உடையோடு வந்து உட்கார்ந்த பெண்ணுக்கு அந்தப் பின்னலின் ஒவ்வொரு ஓட்டையும் முக்கியம். பாதி உடையை இருட்டில் தள்ளும் நகர பாணியை அவள் விரும்பியிருப்பாளா? ‘கள்ளமற்ற’, ‘குழந்தைத்தனமான’ என்ற சொற்களை இந்தப் படங்களின்மேல் ஒட்டுவதை நான் ஏற்பதில்லை. விலை பேசி, தாளை அளந்து, நேரத்தைக் கணக்கிட்டுச் செய்த வேலையில் குழந்தைத்தனம் எங்கே வந்தது?

ஒரே ஓர் ஓவியரைப் பார்க்கலாம் என்றால் யாரைப் பார்ப்பது?

ஜோசப் எச். டேவிஸ் (1811–1865). நியூ ஹாம்ப்ஷயரும் மெயினும் சந்திக்கும் எல்லையோரச் சிற்றூர்களில் 1832 முதல் 1837 வரை மட்டுமே வரைந்தவர். அந்த ஆறு ஆண்டுகளில் அவர் வரைந்தவற்றில் நூற்றைம்பது அளவில் இன்று தெரிய வந்திருக்கின்றன. ஒரு படத்தில் ‘இடக்கை ஓவியர்’ என்று தன்னைக் குறிப்பிட்டுக் கையெழுத்திட்டிருக்கிறார். நெடுங்காலம் அவரைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது அந்தச் சொற்கள் மட்டுமே.

டேவிஸின் அமைப்பை ஒருமுறை பார்த்தால் மறக்காது. செயற்கை மரவரி தீட்டிய ஒரு மேசை நடுவில். இருபுறமும் நாற்காலிகளில் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி, முழு உருவமாக, பக்கத்தோற்றத்தில். மேசைமேல் பழக்கிண்ணமோ புத்தகமோ கணவனின் உயரமான தொப்பியோ. மேலே சுவரில் இலைக்கொடி சுற்றிய சிறு படம். காலடியில் கண்ணைப் பறிக்கும் வண்ணங்களில் தரைவிரிப்பு. அடியில், தாளின் அகலம் முழுக்க, பெயர்களும் வயதும் நாளும் ஊரும். 1837 ஆகஸ்டில் அவர் வரைந்த யார்க் குடும்பத்தின் படத்தில், பிறந்து சில மாதமேயான கைக்குழந்தைக்கும் பெரியவர்களோடு பெயர் எழுதியிருக்கிறார்.

மேசையும் நாற்காலியும் வீடு வீடாக மாறாமல் வருகின்றன. அவை டேவிஸின் கைச்சரக்கு, அந்தக் குடும்பத்தின் சொத்து அல்ல. ஆனால் சுவரில் மாட்டிய அந்தச் சிறு படம் சில இடங்களில் அந்தக் குடும்பத்துக்கே உரியதாகிறது. நியூ ஹாம்ப்ஷயரின் ஸ்ட்ராஃபோர்டில் 1836 ஜனவரியில் அவர் வரைந்த ஜேம்ஸ் டட்டில், சாரா டட்டில் தம்பதியின் படத்தில், அவர்கள் தலைக்கு மேல் தொங்குவது டட்டிலின் மர அறுப்பு ஆலை. எதனால் சாப்பிடுகிறோம் என்பதைத் தலைக்கு மேல் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த இடத்தில்தான் ஓவியரின் வாய்ப்பாடு சற்று விலகி, வீட்டுக்காரரின் குரல் உள்ளே வருகிறது. டேவிஸின் படங்களில் நான் முதலில் தேடுவது அந்த மேல்சுவரைத்தான்.

பெண் ஓவியர்கள் இருந்தார்களா?

இருந்தார்கள். நீர்வண்ணத்தில் அதிகமாகவே இருந்தார்கள். பெண்களுக்கான கல்விக்கூடங்களில் தையலோடு நீர்வண்ணமும் கற்றுத்தந்தார்கள். அங்கே கற்றதைச் சிலர் பிழைப்பாக்கினார்கள்.

டெபோரா கோல்ட்ஸ்மித் 1808-இல் பிறந்தவர். நியூயார்க் மாநிலத்தின் நடுப்பகுதியில், வயதான பெற்றோரைக் காப்பாற்றுவதற்காக வீடு வீடாகப் போய் வரைந்தார். பணம் கொடுத்த குடும்பத்தோடு சில நாள் தங்கி, அவர்கள் உண்டதை உண்டு, எல்லோரையும் வரைந்து முடித்து அடுத்த ஊருக்குப் புறப்படுவது அவர் வழக்கம். 1832-இல் அவர் தீட்டிய டால்காட் குடும்பப் படம் இந்த வகையின் மிகச் சிறந்த படங்களில் ஒன்று என்பேன். வயதான தாய், கணவன், மனைவி, சிறுமி, மடியில் கைக்குழந்தை என்று மூன்று தலைமுறை ஒரே தாளில். தரை, சுவர், நாற்காலி, உடை ஒவ்வொன்றிலும் ஒரு கோலம். அவற்றுக்கு நடுவே அமைதியான ஐந்து முகங்கள். அதே ஆண்டு த்ரூப் என்ற குடும்பத்தை வரையப் போனார். அந்த வீட்டு மகன் ஜார்ஜையே மணந்தார். மணத்துக்குப் பின் அவர் வரைந்தது மிகக் குறைவு. 1836-இல், முப்பது வயதைத் தொடும் முன்பே இறந்துபோனார்.

ரூத் விட்டியர் ஷூட்டும் அவர் கணவர் சாமுவேல் ஷூட்டும் இணைந்து வேலை செய்தவர்கள். சாமுவேல் மருத்துவர். ‘ரூத் வரைந்தது, சாமுவேல் வண்ணம் தீட்டியது’ என்று சில படங்களில் குறிப்பே இருக்கிறது. டேவிஸின் சிறிய தாள்களுக்கு நேர்மாறாக, இவர்கள் பெரிய தாளில் அரையுருவமாகத் தீட்டினார்கள். பின்னணியில் நீளமான வண்ணப் பட்டைகள். நகை இருக்கும் இடத்தில் பொன் தகட்டை ஒட்டிவிடுவார்கள். மாசசூசெட்ஸின் லோவெல் நகரில் பஞ்சாலைப் பெண்களை வரைந்திருக்கிறார்கள். கிராமத்தை விட்டு வந்து, நாள் முழுக்கத் தறியோடு நின்று சம்பாதித்த கூலியில் ஒரு பெண் தன் படத்தைத் தானே வாங்கிக்கொண்டிருக்கிறாள். அப்பாவின் பணமும் இல்லை, கணவனின் பணமும் இல்லை. இந்த ஓவிய வகை முழுவதிலும் என்னை மிகவும் நெகிழவைப்பது இதுதான். சாமுவேல் 1836-இல் இறந்த பின் ரூத் தனியாகத் தொடர்ந்தார்.

நீர்வண்ணத்துக்குச் சற்று வெளியே, பாஸ்டல் கட்டியில் வேலை செய்த ரூத் ஹென்ஷா பாஸ்கமையும் (1772–1848) சொல்ல வேண்டும். சுவரில் விழும் நிழலைப் பிடித்து, உண்மையான தலையின் அளவிலேயே பக்கத்தோற்றம் வரைந்தார். பாதிரியாரின் மனைவி, பல படங்களுக்குப் பணம் வாங்கவில்லை. 1789-இல், பதினேழு வயதில் தொடங்கிய நாட்குறிப்பை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் எழுதினார். யாரை என்று வரைந்தார், அன்று வானிலை எப்படி, யார் வீட்டில் தேநீர் என்பதெல்லாம் அதில் இருப்பதால், பெயரில்லாத பல முகங்களுக்குப் பெயர் கிடைத்திருக்கிறது.

குளிர்காலத்தில் தலையில்லாத உடல்களை வரைந்துவைத்து, கோடையில் தலையை மட்டும் சேர்ப்பார்களாமே?

எல்லோரும் சொல்லும் கதை, ஆதாரம் கிடையாது. தலைக்காகக் காத்திருக்கும் உடல்கள் குவியலாக எங்கும் கிடைக்கவில்லை. ஒரே உடையும் ஒரே நாற்காலியும் பல படங்களில் வருவதைக் கண்டு பிறர் பின்னாளில் கட்டிய கதை என்றே கொள்ளலாம்.

படத்தில் இருப்பது பையனா பெண்ணா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஐந்தாறு வயது வரை ஆண்குழந்தைகளுக்கும் கவுன்தான். தலைமுடியைப் பாருங்கள்: நடுவகிடு என்றால் பெரும்பாலும் பெண், பக்கவகிடு என்றால் பையன். கையைப் பாருங்கள்: சாட்டை, சுத்தியல், வளையம் பையனுக்கு, பூ, பொம்மை பெண்ணுக்கு. கழுத்தில் சிவப்புப் பவளமணி இருவருக்கும் உண்டு. நோய் அண்டாது என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்குத் தேவை இருந்தது. குழந்தை இறந்த பிறகு ஓவியரை வரவழைத்த வீடுகள் பல. மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டைச் சேர்ந்த ஜோசப் வைட்டிங் ஸ்டாக் (1815–1855) என்ற ஓவியர், பதினொரு வயதில் மாட்டுவண்டி மேலே விழுந்து கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழில் செய்தவர். தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்களைப் பதிந்துவைத்த அவருடைய நாட்குறிப்பில், இறந்தவரைப் பார்த்து வரைந்தவை திரும்பத் திரும்ப வருகின்றன. படத்தில் குழந்தை கண் திறந்து, பொம்மையோடு நிற்கும். பெற்றோர் கேட்டது அதைத்தான்.

இதன் உடன்பிறப்பு, பள்ளி மாணவிகள் நீர்வண்ணத்தில் தீட்டிய நினைவுப் படங்கள். ஜார்ஜ் வாஷிங்டன் 1799-இல் இறந்தபின் பரவிய வழக்கம்: தாழ்ந்து தொங்கும் மரம், கல்லறை, அதன்மேல் தாழி, அருகில் அழும் குடும்பம். கல்லறையில் பெயர் எழுதும் இடத்தை வெற்றாக விட்ட படங்களும் கிடைத்திருக்கின்றன.

இந்தப் படங்களில் யார் இல்லை?

நிலமில்லாதவர்கள் அரிதாகவே இருக்கிறார்கள். தொல்குடி மக்கள் ஏறக்குறைய இல்லை. கறுப்பினக் குடும்பங்கள் மிகச் சில. பிரயர் 1843-இல் தீட்டிய வில்லியம் லாசன், நான்சி லாசன் தம்பதியின் எண்ணெய் ஓவியங்கள் அந்தச் சிலவற்றில் தலைசிறந்தவை. லோவெலின் பஞ்சாலைப் பெண் தன் கூலியால் படம் வாங்கினாள் என்று மகிழ்ந்து எழுதினேன். அந்த ஆலைக்கு வந்த பருத்தியைத் தெற்கு மாநிலங்களில் அடிமைகளாக இருந்தவர்கள் பறித்தார்கள். அவர்களுக்கு இப்படி ஒரு தாள் இல்லை.

இந்தத் தொழில் எப்படி முடிந்தது?

புகைப்படத்தால். பிரெஞ்சுக்காரர் டகேரின் புகைப்பட முறை 1839-இல் பாரிசில் வெளியானது. அதே ஆண்டு முடிவதற்குள் அமெரிக்காவிலும் செய்து பார்த்துவிட்டார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது ஊர்ப்புறம் வரை மலிந்தது. மலிவான விலையில் கண்ணிமை மயிர்கூடத் தெரியும் படம் கிடைத்தபோது, இரண்டு டாலர் பக்கத்தோற்றத்துக்கு ஆள் வரவில்லை. அன்றைய புகைப்படத்தால் தானாகத் தர முடியாமல் போனது வண்ணம்.

பிறகு அருங்காட்சியகங்களுக்கு எப்படி வந்தன?

சுமார் எழுபது ஆண்டுகள் பரண்களில் கிடந்தன. 1910-களிலும் 1920-களிலும் மெயின் கடற்கரையின் ஒகன்க்விட்டில் கோடையைக் கழித்த நவீன ஓவியர்கள், தங்கள் குடில்களின் சுவர்களில் இந்தப் பழைய படங்களைக் கண்டு வியந்தார்கள். தாங்கள் தேடிக்கொண்டிருந்த தட்டைப் பரப்பும் துணிந்த கோடும் அதில் இருந்தன. 1924-இல் நியூயார்க்கின் விட்னி ஸ்டூடியோ கிளப் ஒரு கண்காட்சி வைத்தது. 1932-இல் ஹோல்கர் காஹில் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் நடத்திய பெரிய கண்காட்சிக்கு ஆப்பி ஆல்ட்ரிச் ராக்கஃபெல்லரின் சேகரிப்புதான் அடித்தளம். அதன் பெரும்பகுதியை ராக்கஃபெல்லர் 1939-இல் வர்ஜீனியாவில் உள்ள காலனியல் வில்லியம்ஸ்பர்க் என்ற வரலாற்று நகருக்கு அளித்தார். அவர் பெயரிலான அருங்காட்சியகம் அங்கே 1957-இல் திறந்தது. மேலே சொன்ன டால்காட், யார்க் குடும்பங்கள் இன்று அங்கேதான் இருக்கின்றன. வாஷிங்டனின் தேசிய ஓவியக்கூடம், கூப்பர்ஸ்டவுனின் ஃபெனிமோர் அருங்காட்சியகம், நியூயார்க்கின் அமெரிக்க நாட்டார் கலை அருங்காட்சியகம் ஆகியவற்றிலும் நல்ல சேகரிப்புகள் உண்டு. பல படங்களை இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

நேரில் போனால் சில படங்களைக் காண முடிவதில்லையே?

நீர்வண்ணம் வெளிச்சத்தில் மங்கும். ஒருமுறை மங்கியது திரும்ப வராது. அதனால் அறையை அரையிருட்டாக வைத்து, சில மாதம் மட்டும் மாட்டி, பிறகு பெட்டிக்குள் ஓய்வு கொடுக்கிறார்கள். சட்டத்தின் பின்புறம் அறைந்த பழைய மரப்பலகையின் அமிலம் தாளைப் பழுப்பாக்கிவிடும் என்பதால் அந்தப் பலகையை அகற்றுவதுண்டு. ஆனால் தூக்கி எறிவதில்லை. வீட்டார் யாரோ பென்சிலால் எழுதிவைத்த பெயர் சில சமயம் அந்தப் பலகையின்மேல்தான் இருக்கும்.